நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்த பிறகும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு வயது 63. இளம் வயதிலிருந்தே பீடிப் பழக்கம் உண்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். 14 மாதங்களுக்கு முன்பு மதுரையில் அவருடைய வலது நுரையீரலின் மேல் மடலை அறுவை செய்து எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, இரண்டாம் நிலை’ என்று இருக்கிறது. பிறகு நான்கு முறை கீமோ கொடுத்தார்கள். அறுவை முடிந்து ஆறாவது மாதம் எடுத்த சிடி ஸ்கேனில் தழும்பு மட்டும்தான் தெரிகிறது என்றார்கள். அடுத்த ஸ்கேனுக்குக் குறித்த நாள் கடந்து இரண்டு மாதம் ஆகிறது. “நல்லா இருக்கிறவனை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறீங்க” என்று வர மறுக்கிறார். அவருக்கு வந்தது புற்றுநோய் என்று நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. சளி உறைந்து கட்டியாகிவிட்டது என்றே சொல்லி வைத்திருக்கிறோம். மூன்று வாரமாகக் கொஞ்சம் இருமல் இருக்கிறது. சென்னையில் உள்ள உறவினர், உடல் முழுவதும் ஒரு பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் கவலை விட்டது என்கிறார். அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் அந்தக் கதிரே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாமல் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்ட இருமலிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. நுரையீரலில் ஒரு மடலை இழந்தவருக்கு மூன்று வாரமாக இருமல் என்றால், அடுத்த ஸ்கேன் தேதி எது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள். இப்படிச் சொல்வதால் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குப் பிறகு இருமல் சில வாரம் நீடிக்கலாம். நெஞ்செரிச்சலாலும் இருமல் வரும். பிரஷருக்காக எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையே வறட்டு இருமலை உண்டாக்கும், மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் அது நின்றுவிடும். காசநோயையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிக்கும் எவருக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நடைமுறை. சர்க்கரையும் இருந்து, கீமோவும் எடுத்த ஒருவருக்கு அது இன்னும் அவசியம். அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். இவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு நோய் திரும்பியிருக்குமா என்று பார்க்கலாம் என ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கவும் வேண்டாம். தவறிப்போன சிடி ஸ்கேனைச் சளிப் பரிசோதனையோடு சேர்த்தே எடுத்துவிடுவதுதான் சரி. சளியில் ஒரே ஒரு முறை இரத்தம் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, அறுத்து எடுத்த பிறகும் ஏன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை அறுவை நீக்கிவிடுகிறது. அதிலிருந்து ஏற்கெனவே பிரிந்துபோன அணுக்கள் எங்கேனும் தங்கியிருந்தால் அவற்றை அழிப்பதற்காகத்தான் கீமோ. அதற்கும் தப்பியவை இருந்தால், அவை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தலைகாட்டுகின்றன. மீதமுள்ள நுரையீரலிலோ, இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே உள்ள நிணநீர்க் கணுக்களிலோ, மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி ஆகியவற்றிலோ. இது ஒரு காரணம். குடும்பங்கள் பெரும்பாலும் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட காலம் புகையில் ஊறிய நுரையீரலில், பழைய கட்டியோடு தொடர்பே இல்லாத புதிய புற்றுநோய் ஒன்று வேறோர் இடத்தில் தோன்றலாம். இப்படி அறுவை செய்துகொண்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இது நேர்கிறது. ஐந்து ஆண்டு கடந்தாலும் இந்த வாய்ப்பு குறைந்துவிடுவதில்லை. அதனால்தான் ஐந்தாண்டு முடிந்ததும் கோப்பை மூடிவைக்காமல் ஆண்டுக்கொரு முறை வரச் சொல்கிறோம்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உங்கள் அப்பாவைப் போல முதல் மூன்று நிலைகளில் குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை பெற்றவர்களுக்கு, முதல் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் பகுதி சிடி ஸ்கேனும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை குறைந்த கதிரளவில் எடுக்கும் சிடி ஸ்கேனும் போதும் என்கிறது. மூன்றாம் நிலையில் இருந்தவர்களையும் கதிர்வீச்சு பெற்றவர்களையும் சில மருத்துவர்கள் இன்னும் நெருக்கமாகப் பார்ப்பதுண்டு. எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இதயத்துக்குப் பின்னாலும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குப் பின்னால் தாழ்ந்திருக்கும் பகுதியிலும், விலா எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களிலும் சிறு கட்டி மறைந்துகொள்ளும், எக்ஸ்ரேயில் அது தெரியாது.

ஆனால் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரான்சில் அறுவை முடிந்த 1,775 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை எக்ஸ்ரேயும் நேரடிப் பரிசோதனையும் கொண்டும், மற்றொன்றைச் சிடி ஸ்கேன் கொண்டும் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். இரு குழுவினரும் வாழ்ந்த காலத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே ஸ்கேன் எடுப்பதாலேயே ஆயுள் கூடிவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பிறகு ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், புதிதாகத் தோன்றும் ஒரு கட்டியைச் சுண்டைக்காய் அளவில் கண்டுபிடித்தால் மீண்டும் அறுவையோ, குறிவைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சோ செய்து அதை முழுதாக நீக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதுவே எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கிய பிறகு அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், ஸ்கேனை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது. இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே உள்ள நூற்று எண்பது நாளும் நோயாளியின் உடலைக் கவனித்துக்கொண்டிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய இடம் வருகிறது. தனக்கு என்ன நோய் வந்தது என்றே தெரியாதவர், அது திரும்புகிறதா என்று எப்படிக் கவனிப்பார்?

சில ஆண்டுகளுக்கு முன்பு பேரையூர் பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்தார்கள். இடது நுரையீரலில் அறுவை முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அவருக்கும் சளிக்கட்டி என்றே சொல்லியிருந்தார்கள். நடுமுதுகில் வலி வந்தபோது, பருத்தி மூட்டை தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று அவரே முடிவுசெய்து, எண்ணெய் தடவிவிடும் வைத்தியரிடம் ஏழெட்டு வாரம் போயிருக்கிறார். அந்த வைத்தியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது என்று அவரிடம் சொல்வதற்கு ஆளில்லை. என் அறையில் அவர் சட்டையைக் கழற்றியபோது எண்ணெய் வாசனை எழுந்தது. முதுகெலும்பின் வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒரே ஓர் எலும்பில் துடித்துப்போனார். எழுந்து நடக்கச் சொன்னேன். செருப்பு நழுவியதை அவர் அறியவில்லை, வெறுங்காலோடு இரண்டடி வைத்தார், அதுவும் அவருக்குத் தெரியவில்லை. தண்டுவடத்தைக் கட்டி அழுத்தத் தொடங்கியிருந்தது. அன்றே கதிர்வீச்சுக்கு அனுப்பினோம், ஆனாலும் கால்களில் போன உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. வலி தொடங்கிய முதல் வாரத்தில் வந்திருந்தால் அவர் நடந்தே வீடு திரும்பியிருக்கக்கூடும். அவருடைய மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, “அப்பா பயந்துருவாருன்னுதான் சார் சொல்லலை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்பினால்தான் மறைத்தார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உங்கள் குடும்பமும் அப்படித்தான்.

ஆனாலும் சொல்லிவிடுங்கள். கீமோ வார்டில் நான்கு முறை படுத்து எழுந்தவர், பக்கத்துக் கட்டிலில் இருந்தவரோடு ஒரு வார்த்தையும் பேசாமலா இருந்திருப்பார்? பாதி அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்; மீதியைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கலாம். “உங்களுக்கு என்ன நோய்னு சொன்னாங்க, நீங்க என்ன நினைக்கிறீங்க” என்று அவரையே முதலில் பேசவிடுங்கள். நான் நோயாளிகளிடம் அப்படித்தான் தொடங்குவேன். பிறகு சொல்லும் வரிசை முக்கியம்: உங்கள் நுரையீரலில் ஒரு கட்டி இருந்தது, அதை அறுத்து எடுத்தாகிவிட்டது, மருந்தும் கொடுத்தாகிவிட்டது, அது புற்றுநோய் வகைக் கட்டி என்பதால் திரும்பாமல் இருக்கிறதா என்று சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்தாகிவிட்டது என்ற செய்தி காதில் விழுந்த பிறகு நோயின் பெயரைக் கேட்பவருக்கு அதிர்ச்சி குறைவு. உங்களால் முடியாது என்று தோன்றினால், உள்ளே செல்வதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள், அவர் சொல்வார். மறைத்ததற்காக உங்கள் அப்பா சில நாள் உங்கள் மீது கோபப்படலாம். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், தேதி தவறாமல் வருகிற நோயாளியாக ஒருவர் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்குத் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது எளிது. வீட்டில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்திலும் அவரே எழுதட்டும்: அந்த வாரம் இருமல் கூடியதா, மூச்சு வாங்குவது கூடியதா, புதிதாக எங்கேனும் வலி உண்டா, பசி எப்படி, எடை எவ்வளவு. எடையை எப்போதும் ஒரே தராசில் பார்க்க வேண்டும். முயற்சி செய்யாமலே ஒரு மாதத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் அது ஒரு செய்தி. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, கை கால் ஒன்றில் தளர்ச்சி, குரல் கம்மி மூன்று வாரமாகியும் தெளியாமை, கழுத்திலோ காறை எலும்புக்கு மேலுள்ள குழியிலோ நெறி கட்டுதல், முகமும் கழுத்தும் வீங்குதல் ஆகிய இவற்றில் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. பிரான்சில் 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெரும்பாலும் நோய் முற்றியிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் தங்கள் உடல்நிலையை வாரந்தோறும் இணையம் வழியாக மருத்துவருக்குத் தெரிவித்தார்கள்; அவ்வாறு தெரிவித்தவர்களின் நடுநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று பொருள்) 19 மாதமாகவும், வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களுக்கு 12 மாதமாகவும் இருந்தது. அங்கே கணினி செய்ததை உங்கள் வீட்டில் காலண்டரும், தேவைப்பட்டால் உங்கள் கைப்பேசியும் செய்யும்.

பெட் ஸ்கேன் பற்றி உறவினர் சொன்னது நல்லெண்ணத்தில்தான், ஆனால் அறிகுறி எதுவும் இல்லாதபோது வழக்கமான கண்காணிப்புக்கு அது தேவையில்லை. கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்கள் ஒளிர்வதைப் படமெடுப்பதுதான் பெட் ஸ்கேன். அதில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. காசநோய் ஒளிரும், சாதாரணக் கிருமித் தொற்று ஒளிரும், ஆறிக்கொண்டிருக்கும் அறுவைப் புண்ணும் ஒளிரும். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நம் நாட்டில், தேவையில்லாமல் எடுத்த ஒரு பெட் ஸ்கேன் தேவையில்லாத ஊசிப் பரிசோதனைக்கும் பல வாரத் துயரத்துக்கும் இட்டுச்செல்வதைப் பார்த்திருக்கிறேன். சிடி ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய ஒன்று தெரிந்த பிறகு, அது என்ன என்று துலக்கத்தான் பெட் ஸ்கேன். இரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனைகளும் இதற்குப் பயன்படா. உங்கள் அப்பாவுக்கு வந்த வகையில், தலைவலி போன்ற அறிகுறி இல்லாமல் மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். சிறு செல் என்ற மற்றொரு வகை நுரையீரல் புற்றுநோய்க்கு நடைமுறை வேறு.

கதிரைப் பற்றிய பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் அளவைப் பாருங்கள். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு) கதிரைப் பெறுகிறோம். வழக்கமான நெஞ்சு சிடி ஸ்கேன் ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ 6 மில்லிசீவர்ட். குறைந்த கதிரளவு ஸ்கேனில் ஒன்றரை. 63 வயதில், ஏற்கெனவே ஒரு முறை நுரையீரல் புற்றுநோய் வந்தவருக்கு, இந்தக் கதிரால் விளையக்கூடிய தீங்கு மிகச் சிறியது. கண்டுகொள்ளாமல் விட்ட கட்டியால் விளைவது பெரியது. இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒன்று, மனநிறைவுக்கு ஒன்று என்று எடுத்துக் குவிக்கத் தேவையில்லை.

நீங்கள் கடிதத்தில் பீடிப் பழக்கம் ‘உண்டு’ என்றே எழுதியிருக்கிறீர்கள்; ‘இருந்தது’ என்று எழுதவில்லை. இன்னும் பிடிக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று அவர் கேட்கலாம். ரஷ்யாவில் ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 517 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தெரிந்த பிறகு புகையை விட்டவர்களின் நடுநிலை ஆயுள் 6.6 ஆண்டுகளாகவும், விடாதவர்களுக்கு 4.8 ஆண்டுகளாகவும் இருந்தது. இந்த எண்களை அவரிடமே சொல்லுங்கள். திட்ட வேண்டாம், திட்டினால் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பிடிப்பார், அவ்வளவுதான். 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை கிடைக்கும். நிக்கோட்டின் சூயிங்கமும் மாத்திரைகளும் உதவும், மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் விறகடுப்பு இருந்தால் அவர் படுக்கும் இடத்துக்கு அந்தப் புகை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை விட்டுச்சென்ற தொந்தரவுகளையும் அவர் சொல்லாமலே பொறுத்துக்கொண்டிருக்கக்கூடும். விலாவில் தழும்பை ஒட்டி எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற சுருக்கும் மாதக்கணக்கில் இருக்கலாம்; விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு அறுவையில் பட்டுப்போவதால் வருவது அது, அதற்கென்று மாத்திரை இருக்கிறது. பாதத்தில் மரமரப்பு சர்க்கரையாலும் வரும், கீமோவாலும் வரும். காதில் இரைச்சல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மூச்சுக்கு நடைதான் மருந்து. காலையில் கண்மாய்க்கரையில் மெதுவாகத் தொடங்கி, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் வாரம் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்வது நல்லது. வலிமை தரும் என்று யாரேனும் லேகியமோ பொடியோ கொடுத்தால், சாப்பிடுவதற்கு முன் பொட்டலத்தோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.

செலவு குறித்து நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களில் அத்திட்டத்துக்கென்று இருக்கும் உதவி மையத்தில், தொடர் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் எவை அடங்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இருமலுக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் மதுரையை அடுத்த தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து வர அது தோதாக இருந்தால் அங்கேயே தொடங்கலாம்.

போகும்போது அறுவைக்கு முந்தைய ஸ்கேனையும், ஆறாம் மாத ஸ்கேனையும், ரிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் ஃபிலிமையும் சேர்த்து எடுத்துச்செல்லுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அறுவை நடந்த நுரையீரலில் தழும்பு இருக்கும், மிச்சமுள்ள மடல்கள் மேலே ஏறி இடம் மாறியிருக்கும். இன்றைய படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதில் எது பழையது, எது புதியது என்று சொல்ல முடியாது. வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்களையும் அருகருகே மாட்டி, மூச்சுக்குழாய் பிரியும் அதே மட்டத்தில் இரண்டையும் நிறுத்தி, சென்ற முறை மெல்லிய கோடாக இருந்தது இப்போதும் கோடாகவே இருக்கிறதா, ஓரம் தடித்து உருண்டிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் எங்கள் வேலையில் பாதி இருக்கிறது. பழைய படம் தொலைந்துபோனதால் மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியதான குடும்பங்கள் பல.

படம் தெளிவாகத் தெரிவதற்காகக் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் என்றால் அதற்கு முன்பு கிரியாட்டினின் பரிசோதனை செய்து சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் அப்பா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மின் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மட்டும் அதை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷர் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே மருத்துவர் கேள்வி கேட்கும்போது உங்கள் அப்பாவே பதில் சொல்லட்டும். அவர் விட்டுவிட்டதை மட்டும் நீங்கள் பிறகு சொல்லுங்கள்.